குறை எதுவும் காணப்படவில்லை

வாங்கிப் பதினோராம் மாதம்
லப்டொப் இருமத் தொடங்கியது.
இருமல் என்றால் போதாதாம்.
என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டார்கள்.
நிலாவெளி பஸ் மூன்றாம் கியருக்கு மாறாமலே
சாம்பல்தீவுச் சந்தி வரை வருமே,
அந்த மாதிரி என்றேன்.
மறுமுனையில் கொழும்பு கொஞ்சம் யோசித்தது.
"நோட் பண்ணிக்கொண்டேன், மிஸ்."

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி.
இரவு பத்துக்கு மேல்
யாரோ ஒருவருடைய இறப்பைச்
சிங்களத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது
பக்கத்தில் ஒன்று கரகரத்துக்கொண்டிருப்பது
மரியாதை இல்லை.

உத்தரவாத அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
மூன்று மொழி. தமிழ் கடைசியில், கண்ணுக்கு எட்டாத எழுத்தில்.
ஏழாம் பிரிவு:
ரசிகரின் சத்தத்துக்கு ஓராண்டு பொறுப்பேற்கப்படும்.
விசிறியை எவரோ ரசிகராக்கி விட்டிருந்தார்கள்.
தொழில் புத்தி.
சிவப்புப் பேனையால் திருத்திவிட்டேன்.
எட்டாம் பிரிவைப் பிறகுதான் படித்தேன்:
அட்டையில் எழுதினால் செல்லாது.

முதல் தடவை அனுப்பப் போனபோது
கூரியர் கடை வாசலில் பெட்டியை வைத்துவிட்டுக்
கையெழுத்துப் போடத் திரும்பினேன்.
அதற்குள் மான் ஒன்று
தொடரிலக்கம் ஒட்டிய மூலையைத் தின்று முடித்திருந்தது.
கடைப் பையன் சிரிக்கவுமில்லை.
படிவத்தில், பொதியின் சேதத்துக்கான காரணம்: மான்.

ஒன்பது நாளில் திரும்பி வந்தது.
குறை எதுவும் காணப்படவில்லை.
திறந்தேன்.
நிலாவெளி பஸ்.

இரண்டாம் தடவை காரணம் வேறு.
உட்பாகங்களில் உப்புப் படிவு,
உத்தரவாதத்தில் அடங்காது.
அதிகாரி தன்மையாகத்தான் பேசினார்.
"உங்கள் விலாசமே உப்புவெளி தானே, மிஸ்."

அன்றிரவு கடிதம் எழுதினேன், மூன்று மொழியிலும், கையால்.

நான் கடலை இயந்திரத்துக்குள் ஊற்றவில்லை.
கடல் இங்கே முதலே இருந்தது.
நீங்கள் இதை எனக்கு விற்ற அன்று
உங்கள் கடை யன்னலிலிருந்தே அது தெரிந்தது.
இங்கே பூட்டு துருப்பிடிக்கும், சைக்கிள் செயின் துருப்பிடிக்கும்,
பெட்டிக்குள் கிடக்கும் ஊசியும் துருப்பிடிக்கும்.
மூச்சுவிட எங்களிடம் வேறு காற்று இல்லை.
எந்தெந்த ஊருக்கு உத்தரவாதம் என்று
அட்டையில் போட்டிருந்தால்
நான் வாங்கியிருக்க மாட்டேன்.

பதினேழு நாள் பதில் இல்லை.
உத்தரவாதம் முடிய இன்னும் நாலு நாள்.

மதியம் ஒன்றரைக்கு, தெரியாத இலக்கம்.
"அக்கா, நான் தர்ஷிகன், பட்டறையில இருந்து.
உங்கட கடிதம் என்ர மேசைக்கு வந்தது.
இங்க ஏசி பதினெட்டில கிடக்குது,
இது பூனை மாதிரி நித்திரை.
இண்டைக்குச் சாப்பாட்டு நேரம் மொட்டைமாடிக்குக் கொண்டு போனன்.
தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில, நல்ல வெயிலில வச்சன்.
பதினொரு நிமிசம்.
இப்ப கேளுங்கோ."

போனை அதற்குக் கிட்டப் பிடித்தான்.
காகம் ஒன்று. எங்கோ ஒரு ஹோர்ன்.
பிறகு, கியர் மாறாமல்,
என் பஸ்
கொழும்பு மொட்டைமாடி மேல் ஏறி வந்துகொண்டிருந்தது.

"கேக்குதே?"
கேட்குது என்றேன்.
ஒரு பழுதை இவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதே இல்லை.

ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது.
பற்றுச்சீட்டில் நீல மையில், கையெழுத்தில்:
விசிறி மாற்றப்பட்டது.
விசிறி. சரியான சொல்.
பழுதுக்கான காரணம்: வெயில்.
கட்டணம் என்ற இடத்தில் ஒரு கோடு.

மேசையில் ஒரு விவாகப் பதிவு பாதியில் கிடந்தது.
மணமகளின் தொழில் என்ற கட்டத்திலிருந்து
தொடங்கினேன்.