வடிகால் துளை

குதிரை ஒழுகுகிறது என்று புகார்.
முட்டியில் பச்சை வழிகிறதாம்.
ஜூலை பதினான்குக்கு முன்னால் அடைத்துவிடு,
மாலை போட யாரோ வருகிறார்கள்
என்றார் இளநிலைப் பொறியாளர்.
தேங்காய்த்திட்டில் விசைப்படகு ஒட்டுகிறவன் நான்.
குதிரை இதுதான் முதல்.

அட்டை ஒன்றை விரித்து
வயிற்றுக்கடியில் மல்லாந்தேன்.
மேலே இருப்பவரை அங்கிருந்து பார்க்க முடியாது,
பூட்சின் அடிப்பக்கம் தெரியும், அவ்வளவுதான்.
வாளை நீட்டிக் கடலைக் காட்டியபடி இருக்கிறார்.
எந்தப் போர், யாரை வென்றார்,
ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன்.
"குதிரைக்காரர்" என்றார் கலிவரதன்.
"லைசென்ஸ் இல்லை."
பீடத்தின் பித்தளை எழுத்துகளைப் பாதி
எவனோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.
மிச்சம் ஐந்து,
எந்த மொழியிலும் சொல்லாகாது.

சுத்தியலால் தட்டிப் பார்த்தேன்.
கழுத்து, ணங்.
தோள், ணங்.
வயிறு, தொம்.

பின்னங்கால்கள் சேரும் இடத்தில்
சுண்டுவிரல் நுழையும் துளை ஒன்றை
வார்த்தவன் விட்டிருந்தான்.
நம் ஊரைப் பார்த்திராத அவனுக்கு
நம் மழை தெரிந்திருக்கிறது.
பிறகு வந்த பெயின்ட்காரர்கள் எல்லாரும்
மரியாதை கருதி அதை அடைத்திருக்கிறார்கள்,
புட்டி வைத்து, சிமென்ட் வைத்து,
கடைசியாக எம்-சீல் வைத்து.
தண்ணீர் உள்ளே போகும் வழி மட்டும்
சேணத்துக்கும் தொடைக்கும் நடுவே
திறந்தே கிடந்தது.

உளியை வைத்து ஒரே தட்டு.

தானே புயலின் தண்ணீராக இருக்கலாம்,
ஃபெஞ்சல் ஊற்றியதாகவும் இருக்கலாம்.
பச்சையாக, செம்பு நாற்றத்தோடு,
என் சட்டையை முதலில் நனைத்து,
கால்மணி நேரம் நிற்காமல்
பள்ளி விட்ட நேரத்தில் பட்டப்பகலில்
குதிரை ஒன்றுக்கிருந்தது.

பிள்ளைகள் பையோடு ஓடிவந்து சுற்றி நின்று சிரித்தார்கள்.
சிவப்புத் தொப்பிக் காவலர்
முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.
இறால் கூடையை இறக்கி வைத்த மதலேன் அக்கா
"பாவம், எத்தனை வருஷமா அடக்கிக்கிட்டு நின்னுச்சோ" என்றாள்.
கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.

மேலே இருந்தவர்
கடலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அடைச்சாச்சா?" என்றார் சார், போனில்.
"அடைச்சாச்சு சார்."
பில்லும் எழுதிக் கொடுத்தேன்:
துளை அடைத்த வகையில் ரூபாய் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
பணம் இன்னும் வரவில்லை.

ஐப்பசியில் அந்தப் பக்கம் போனால்
வண்டியை ஓரங்கட்டுவேன்.
மழை விட்டிருக்கும்,
தெருவெல்லாம் குடை மடங்கியிருக்கும்.
ஊன்றிய மூன்று கால்களுக்கு நடுவே மட்டும்
தூவானம் விட்டிருக்காது.