எடைக்கல்

பாடகர் குழுச் சீட்டுக் குலுக்கலில்
விக்டோரினுக்குக் கேக் விழுந்தது,
இராயப்பனுக்கு அச்சுமுறுக்கு.
எனக்கு வந்த சீட்டில்
தொபியாஸ் சாரின் சாய்ந்த கையெழுத்து:
‘சீஸ். கடிக்கிற மாதிரி ஏதாவது.’

சேலம் ஐந்து ரோட்டில் கிடைக்கும்தான்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
பஸ்ஸில் ஏறி ஏற்காடு வருவதற்குள்
பாதியை நான் தின்றிருப்பேன்,
மீதியை விலை தின்றிருக்கும்.
ஆகவே மூன்று லிட்டர் பால்.

பொங்கி வரும் நேரம் தீயைக் குறைத்து
நாலு எலுமிச்சையைப் பிழிந்தேன்.
நல்ல நாளும் அதுவுமாகப் பால் திரிகிறதே என்று
என் வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.
வேண்டுமென்றேதான் திரிக்கிறேன் என்றேன்.
இன்னொரு தடவை போட்டுக்கொண்டார்.

அவருடைய கிழிந்த வேட்டியில் பாதியை விரித்து வடிகட்டி
உப்பு,
சில்வர் ஓக்கில் ஏறிய எங்கள் கொடியின் மிளகு
(பொடிக்கக் கூடாது, உடைக்க வேண்டும்),
கமலா ஆரஞ்சுத் தோலில் மேல்தோல் மட்டும் துருவி,
பிசைந்து மூட்டை கட்டினேன்.
இனி மேலே பாரம் ஏற்ற வேண்டும்.

பாரத்துக்கு நான் அலைய வேண்டியதில்லை.
எஸ்டேட்டில் காப்பிப் பழம் நிறுக்கிறவள் நான்.
மின்தராசு வாங்கிய வருடமே கெட்டுப்போனது,
பிறகு தட்டுத் தராசும் இரும்புக் கல்லும்தான்.
ஐந்து கிலோவில் ஒன்றை
சால்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன்.
கேட்டில் வாட்ச்மேன் சின்னக்கண்ணு
‘என்னம்மா, கனமா இருக்கு?’ என்றார்.
பாலனுக்கு என்றேன்.
பொய் இல்லை.

கல்லின் தலையில் ஐந்து என்று வார்த்திருக்கும்.
அடியில் ஈயம் ஊற்றி மெழுகிய இடம்
விரல் வைத்தால் தெரியும்.
என் விரலுக்கு
ஒன்பது வருடமாகத் தெரியும்.

ராத்திரி முழுக்கச் சொட்டியது.
தொட்டியில் விழும் ஒவ்வொரு சொட்டும்
படுக்கை வரை கேட்டது.
எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
நூற்றுப் பதினாறில் விட்டுப்போனது.

காலையில் அவிழ்த்தால்
வேட்டியின் நெசவெல்லாம் பதிந்து
சுண்டினால் ‘டொக்’கென்றது.
பிஸ்கட் அச்சால் நட்சத்திரம் வெட்டினேன்,
நாற்பத்தொன்று தேறியது.
ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சி,
குச்சியில் ஒரு கறுப்புத் திராட்சை.
ஓரத் துண்டுகளை நாங்களே தின்றோம்.
வீட்டுக்காரர் சிலுவை போடாமலே தின்றார்.

நடுச்சாமப் பூசை முடிந்து வெளியே வந்தால்
பனிமூட்டத்தில் குடில் விளக்கு மட்டும் மஞ்சளாக.
மேசையைச் சுற்றி நிற்பது யார் எவர் என்று
இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
‘பன்னீர்தானே இது’ என்றார் இராயப்பன்,
ஐந்தாவதைத் தின்றபடி.

நாகலூர் வெள்ளச்சி வந்திருந்தாள்.
அவளுக்குப் பூசை கணக்கில்லை,
பாட்டுக் கேட்க வருடாவருடம் வருவாள்.
ஒரு நட்சத்திரத்தை முழுசாக வாயில் போட்டு
மெதுவாக மென்றாள்.
‘நல்லா இறுகியிருக்கே செலின்.
என்ன கல்லு வெச்ச?’
நம்ம எஸ்டேட் கல்லுதான் என்றேன்.
‘அதான பாத்தேன்.’

பனிக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள்,
பழம் பறிக்கிற பெண்கள்.
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
அதுதான் இன்னும்
தொண்டையிலேயே நிற்கிறது.

இருபத்தாறாம் தேதி
சாம்பல் போட்டுத் தேய்த்த கல்லைத்
தட்டில் வைத்தேன்.
வெள்ளச்சி கூடையை ஏற்றினாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
முள்ளைப் பார்த்தாள்.

எங்கிருந்தோ எறும்புகள் வரிசையாக வந்து
கல்லின் அடிப்பக்கம், ஈயத்தில் மொய்த்தன.
எவ்வளவு தேய்த்தாலும் பால் வாசனை போகாது போல.
தட்டி விடட்டுமா என்றேன்.

‘இருக்கட்டும்’ என்றாள் வெள்ளச்சி.
‘அதுங்களையும் சேத்தே எழுதிக்க.’