பதினொரு தட்டு

சுங்கக்காரர் ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தார்.
குளிர் அங்கி இரண்டு, திருகோணமலைக்கு!
சவர்க்காரம், சொக்லேட், ஒலிவ் எண்ணெய்,
அடியில் துவாயில் சுற்றிய
பதினொரு இசைத்தட்டு.
வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்து
கீறல் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பெறுமதி என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துவிட்டார்.

தவநேசனுக்குப் பாரிசில்
வீடு காலி பண்ணுகிற வேலை.
செத்துப்போனவர்களின் வீடு.
கட்டில் ஒரு லொறியில், கண்ணாடி ஒரு லொறியில்.
யாரும் கேட்காததை
வேலைக்காரர் எடுத்துக்கொள்ளலாம்.
பாட்டை யாரும் கேட்கவில்லை.
பதினாறு வருசம் சேர்த்தவன்
இப்போது சின்ன அறைக்கு மாறுகிறானாம்,
"அங்க கடற்கரை பெரிசுதானே, வைச்சிரு" என்றான்.

தட்டுச் சுழற்றி நிஸ்தாரிடம்தான் இருந்தது,
உப்புவெளி விடுதியில், வெள்ளைக்காரருக்கென்று.
கச்சேரி முடிந்து ஸ்கூட்டியில் போவேன்
(நான் சொல்வது காணி உறுதியும் முத்திரையும் உள்ள கச்சேரி).
ஒரு பின்னேரத்துக்கு ஒரு பக்கம்,
ஒரு பிளேன்ரீ.

நெற்றி மறைக்க முடி வெட்டின பெண்
சைக்கிளில் சாய்ந்து நிற்கிற அட்டை.
அவள் பாடியதைக் காதுக்கு வந்தபடி
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
தொண்டைக்குள் ஒரு ர உருட்டுகிறாள்,
அதற்கு எங்களிடம் எழுத்தில்லை.
போகட்டும், எங்களிடம் ழ இருக்கிறது.
நடுவில் கரண்ட் போனது.
பெண் மெல்ல மெல்ல ஆணானாள்,
ஆண் கிழவனானான்,
கிழவனும் நின்றுபோனான்.
நிஸ்தார் சிரித்துச் சிரித்து
ஜெனரேட்டர் போட மறந்தான்.

ட்ரம்பெட் தட்டு ஏதோ நிலவறையில் பதிந்தது.
கிளாஸ் முட்டும், கதிரை இழுபடும்,
மூன்றாவது துண்டில் ஒருவர் இருமுவார்.
மறுநாளும் அதே இடத்தில் இருமினார்.
மூன்றாம் நாள்
ட்ரம்பெட்டை விட்டுவிட்டு
அவருக்காகக் காத்திருந்தோம்.

பியானோ ஒன்றும் இருந்தது, அட்டையில் படமே இல்லை.
ஒரு சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
ஊசி பழுதென்று நிஸ்தார் எழும்ப
அடுத்த சத்தம் வந்து அவனை இருத்தியது.
இடைவெளி எல்லாம் கடல் எடுத்துக்கொண்டது.
எது வாசித்தது, எது அலை
என்று பிரிக்க
அன்று எனக்கு அலுப்பாயிருந்தது.

சைக்கிள்காரியின் அட்டைக்குள்
பாட்டு வரிகள் அச்சிட்ட தாள்.
ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலில்
தம்பியின் குண்டு எழுத்து:
மழை. நாளைக்கு. சாவி. என்னுடைய.
திரும்பவும் மழை.
முதல் குளிர்காலம் போலிருக்கிறது,
பள்ளிக்குப் போக நேரமில்லாதவன்
இவளிடம் படித்திருக்கிறான்.
ஒரேயொரு சொல்லுக்குக் கீழே
கேள்விக்குறி.
அழித்து, திரும்பப் போட்ட கேள்விக்குறி.

விடியத் திமிங்கிலம் பார்க்கப்போக
படகு பேசிக்கொண்டிருந்தது ஒரு பிரெஞ்சுச் சோடி.
தாளைக் காட்டிச் சொல்லில் விரல் வைத்தேன்.
புருசன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னார்.
மனுசி தலையாட்டி மறுத்து
சன்னலைக் காட்டினா.
அவர் வானத்தைக் காட்டினார்.
அவ கதிரையைத் தள்ளி எழும்பினா.
அவர்களின் தேத்தண்ணி ஆறிப்போனது.
காலையில் படகுக்கு
அவர் மட்டும் வந்தாராம்.

இரவு தம்பிக்கு எடுத்தேன்.
பின்னால் படிக்கட்டில்
பெரிய அலுமாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
"ஓ, அதோ" என்றான்.
"தெரியேல்ல அக்கா.
ஒருக்காலும் தேவைப்படேல்ல."
பிறகு யாருக்கோ
மற்றப் பக்கத்தைப் பிடிக்கச் சொல்லியிருப்பான்,
பிரெஞ்சில் ஒரு சத்தம் வைத்தான்,
தொண்டைக்குள்
அந்த ர
அப்படியே உருள.