நூற்றிப் பதினேழாம் மரம்

அதிகாலை மூன்றரைக்குக் கீரிப்பாறைக் கூப்பில்
நெற்றி விளக்கு எட்டும் தூரம்தான் உலகம்.
முந்நூற்றி இருபது ரப்பர் மரம் என் பங்கு.
பழைய கீறலில் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு
கத்தியை ஒரு நூல் கீழே சாய்த்து இழுத்தால்
சிரட்டைக்கு இறங்கும் வெள்ளை.
நின்று இருமக்கூட நேரமில்லாத வேலை.

அன்று இருமினேன்.

நூற்றிப் பதினாறை வெட்டி நிமிர்ந்தபோது
தேய்பிறை வெளிச்சத்தில்
ஓடையில் வாய் வைத்து நின்றது ஒரு மிளா.
அதற்கும் எனக்கும் நடுவே, ஈத்தைப் புதரடியில்
தரையோடு தரையாக ஒரு முதுகு.
விளக்கைக் கையால் பொத்தினேன்.
எங்கள் விளக்குகள் அதற்குப் பழகியவைபோல;
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோள்கள் இரண்டும் முதுகுக்கு மேல் எழுந்து
மாறிமாறி அமிழ்ந்தன.
முன்கால் எடுத்த குழியிலேயே பின்கால்.
அத்தனை சருகில் ஒன்றுகூட உடையவில்லை.
மிளா தலை தூக்கினால் உறைந்தது,
குனிந்தால் ஒரு சாண் நகர்ந்தது.
மலையிலிருந்தே இப்படிச் சாண் சாணாக வந்ததோ என்னவோ.
இன்னும் பத்தடி போதும்

அப்போதுதான் வந்தது,
ஆசிட் வாடையில் பதினொரு வருடம் ஊறிய என் இருமல்.

மிளா ஒரு தரம் குளம்பை உதைத்து, ஓலமிட்டு,
காடு முழுக்கச் சேதி சொல்லிவிட்டு ஓடியது.
கடுவா இரண்டு பாய்ச்சல் பாய்ந்து நின்றுவிட்டது.
ஓடிப் பிடிக்கிற சாதியில்லை அது.
பிறகு என்னைப் பார்த்தது.
குலசேகரத்துக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவள்
பஸ் போன ரோட்டைப் பார்ப்பதுபோல.
என் நாக்கில் கர்த்தர் பேர்கூட வரவில்லை.

பின்பக்கமாக நகர்ந்து
நூற்றிப் பதினேழாம் மரத்துக்கு முதுகைக் காட்டி
வாலைத் தூக்கிப் பீய்ச்சியது.
பின்கால்களால் மண்ணை இரண்டு தரம் பறித்தது.
அவசரமே இல்லாமல் மேலேறிப் போனது.

கால் நடுக்கம் நின்ற பிறகுதான் மூக்கு திறந்தது.
பொய் சொல்லவில்லை:
வெந்த சீரகச்சம்பாச் சோறு.
கட்டன்சாயா மட்டும் இறங்கிய என் வயிறு
ஒரு நிமிடம் நம்பியும் விட்டது.
சாப்பிடாமல் போனது அது.
சோற்று மணம் என் மரத்தில்.

வாச்சர் பரப்பன் காணி தடத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.
"பெட்டக் கடுவா. ரெண்டு வயசு கழிஞ்சிருக்கும்.
தள்ள வெரட்டி விட்டிருக்கும்.
சில தள்ள, மோளுக்குப் பக்கத்திலயே காடு ஒதுக்கிக் குடுக்கும்.
இதுக்குக் கிட்டல்ல போலிருக்கு."
எழுந்து கையைத் துடைத்தார்.
"இருவது தடவ பதுங்கினா ஒரு தடவ திங்கும், ரெத்தினபாய்.
அந்த ஒண்ண நீ கெடுத்துப்போட்ட."

நாலாம் நாள்
அதே மரத்தில், என் கை எட்டாத உயரத்தில்,
நகக் கீறல். பால் வழிந்து உறைந்திருந்தது.
புதிய ஈரம், கனத்த வாடை.
"ஆண்," என்றார் பரப்பன்.
"அவ எழுதினத வாசிச்சிட்டான்.
யாரு, எப்ப வந்தா, தனியாவா, எல்லாம் அதில உண்டு."

எனக்கு அந்தப் படிப்பு இல்லை.
கையில் கத்தியோடு
யாருக்கோ வந்த கடுதாசியின் முன்னால் நிற்கிறவளாய்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நூற்றிப் பதினெட்டுக்குப் போனேன்.

"நூத்திப் பதினேழு ஏன் கமுந்து கிடக்கு?"
சூப்பர்வைசர் ஈனோஸ் கேட்டார்.
"பட்ட காஞ்சு போச்சு சார். பால் இல்ல."
நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

இருமலுக்கு
எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வாங்கியிருக்கிறேன்.