ஒன்பது நாற்பது

சாவி மீன்கடையில் இருந்தது.
புகைபோட்ட கானாங்கெளுத்திகளுக்குப் பின்னால்
ஆணியில் தொங்கியதை எடுத்து
முன்றானைத் துணியில் துடைத்துத் தந்தாள் கடைக்காரி.
"கதவைத் தோளால் தள்ளுங்கள்,
உப்பு குடித்து வீங்கியிருக்கும்."

உள்ளங்கையில் மீன்வாசனையோடு ஏறினேன்.

ஜட்லாந்தின் மேற்குக் கரை.
காற்றுக்கு இங்கே ஓய்வுநேரம் என்று ஒன்றில்லை.
இருக்கிற நாலு மரமும் கிழக்கே சாய்ந்து
யாரோடோ பேச்சை முறித்துக்கொண்டவை போல நிற்கும்.
முள்ரோஜாப் புதரைத் தாண்டியதும்
வெள்ளையாய் ஒரு சுவர்.
அதற்கப்பால் புல், கொஞ்சம்.
அதற்கப்பால் சத்தம் மட்டும்.

எண்ணூறு ஆண்டுக்கு முன் கட்டியபோது
கடல் இரண்டு மைல் தள்ளி இருந்ததாம்.
நடுவில் வயல், ஓடை, ஒரு ஊர்,
ஊருக்கென்று ஒரு சாராயக்கடை.
அவசரமே படாமல்
தின்றுகொண்டே வந்திருக்கிறது.

உள்ளே ஈரச் சுண்ணாம்பின் குளிர்.
கூரையிலிருந்து இரண்டு கயிற்றில்
ஒரு கப்பல் தொங்கியது:
முழ நீளம், மூன்று பாய்மரம்,
தீக்குச்சிப் பருமனில் பன்னிரண்டு பீரங்கி.
புயலில் பிழைத்து வந்த எவனோ
நேர்ந்துகொண்டு செதுக்கியது.
நான் திறந்துவிட்ட காற்றில் அது
மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது,
பிறகு பீடத்தை நோக்கித்
தன் பயணத்தைத் தொடர்ந்தது.

"நல்லவேளை, ஒரு ஆள்."
பின்னால் ரப்பர் பூட்ஸ், அளவுநாடா,
ஆஸ்கெர், கோயில் பொறுப்பாளர்.
"மறுமுனை பிடித்துக்கொண்டிருந்த எனெவோல்ட்
பிப்ரவரியில் மகளோடு நகரத்துக்குப் போய்விட்டான்.
உயரம் என்றால் பயமா?"
ஆமாம் என்றேன்.
"நல்லது. பயமில்லாதவர்களை
அந்தப் பக்கம் அனுப்புவதில்லை."

வயிற்றில் படுத்து ஊர்ந்தேன்,
நாடாவின் சுழியம் என் முட்டிக்குள்.
கீழே பழுப்புக் களிமண்,
பொந்து பொந்தாய் மணல் தகைவிலான்கள்.
எந்தப் போரிலோ கடலைக் கண்காணிக்கக்
கட்டிய காங்கிரீட் அரண் ஒன்று
அலைக்குள் தலைகுப்புறக் கிடந்தது.
என் முகவாய்க்கு ஒரு கை கீழே
மண்ணிலிருந்து நீட்டியது பலகையின் முனை.
பக்கத்தில் வெளுப்பாய் இன்னொன்று.
நான் கேட்கவில்லை.
"அது யாரென்று தெரியாது" என்றார் அவரே,
"கல்லறைக்கல் முன்னாலேயே இறங்கிவிட்டது."

நாடா ஒருமுறை விறைத்தது,
தூண்டிலில் மீன் கடித்ததுபோல.
சுவரோரத்திலிருந்து கத்தினார்.
பாதியைக் காற்று எடுத்துக்கொண்டது:
"...நாற்பது!"

அவர் நோட்டுப்புத்தகத்தின் முதல் பக்கத்தில்
மங்கிய மையில் ஏதோ ஒரு பாதிரியார்:
'இருநூற்றுப் பன்னிரண்டு முழம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.'
பிறகு வந்தவர்கள் மீட்டரில் எழுதினார்கள்,
ஸ்தோத்திரம் இல்லாமல்.
ஒரே ஒரு வருடம் மட்டும் 'மாற்றமில்லை',
அடியில் இரண்டு கோடு.
கடைசி வரியில் ஒன்பது நாற்பது எழுதினார்.
முனை பிடித்தவர் என்ற கட்டத்தில்
இருபத்தாறு எனெவோல்ட்களுக்குக் கீழே
என் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
இரண்டு இடத்தில் தப்பு. திருத்தவில்லை நான்.

பிறகு வாளியும் தூரிகையும் எடுத்துக்
கடல்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்படிக்கப் போனார்.
"விழப்போகிற சுவருக்கா?"
திரும்பாமலே சொன்னார்:
"விழும்போது அழுக்காகவா விழ வேண்டும்?"

ஞாயிற்றுக்கிழமை அவர் அக்காள் பேத்திக்கு ஞானஸ்நானம்.
திங்களன்று ஞானஸ்நானத் தொட்டி
அருங்காட்சியகத்துக்குப் போகிறது.
வைக்கோல்கூடத் தயாராம்.
"அந்தக் கப்பல்?" என்றேன்.
தூரிகையை முக்கினார்,
வழித்தார்,
மறுபடி முக்கினார்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது
"எவ்வளவு?" என்றாள் கடைக்காரி.
ஒன்பது நாற்பது என்றேன்.
விலை எழுதிய கரும்பலகையில்
கானாங்கெளுத்திக்கும் ஹெர்ரிங்குக்கும் கீழே
பதினொன்று பத்து என்றிருந்ததை
உள்ளங்கையால் அழித்துவிட்டு
புதிதாய் எழுதினாள்,
சாக்குக்கட்டியை அப்ரன் பையில் போட்டாள்.

"மீன் ஏதாவது?"