நாற்பது மெகாஹெர்ட்ஸ்

செக் நாட்டுக்குக் கடல் கிடையாது.
இருந்தும் லுபோர், டிராம் பணிமனையில்
பிரேக் பார்த்துவிட்டு வந்து
நீர்மூழ்கி கட்டுகிறார்.
குளியல் தொட்டி அதற்கு. எனக்கு வாளி.

போன ஞாயிறு, கைவிட்ட கல்குவாரிக் குளத்தில்
மூக்கைக் கவிழ்த்து இறங்கியது
இறங்கிக்கொண்டே இருந்தது.
சிக்னல் அறுந்தால் தானே மேலே வந்துவிடும் என்று
மூன்று வருடம் என்னிடம் சொன்ன கருவி
வரவில்லை.
ஒரே ஒரு குமிழி.
பிறகு வாத்துகள்.

தீயணைப்புக்காரர் பொஹுமிர்
ஒரு பெட்டி பீருக்கு முக்குளித்தார்.
முதலில் ஒரு சைக்கிளோடு வந்தார்.
இரண்டாம் முறை அதை
நனைந்த நாய்க்குட்டிபோல் அணைத்துக்கொண்டு.

சமையல் மேசையில் எட்டுத் திருகாணி.
கவிழ்த்ததும் மாவுக் கிண்ணம் நிறையக் குளம்.
ரப்பர் வளையத்தின் குறுக்கே, கிரீஸில் படிந்து
ஒரு முடி.
நீளம். செம்பு நிறம்.
அந்தச் சாயம் வீட்டில் என் தலைக்கு மட்டும்தான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இடுக்கியால் எடுத்து
நோட்டில் டேப் போட்டு ஒட்டினார்.
தேதி. ஆழம், நான்கு மீட்டர்.
காரணம் என்ற இடத்தில்
எதுவும் எழுதவில்லை.

"ஒருநாள் கடலுக்கே கொண்டுபோகலாமா?"
சமாதானத்துக்குத்தான் கேட்டேன்.
"உப்புத் தண்ணீர் அலையைத் தின்றுவிடும்,
ஒரு முழம்கூடப் போகாது" என்றார்,
மோட்டாரை அரிசிக்குள் புதைத்தபடி.

இப்போது மூடி பொருத்தும் நேரத்தில்
குளியலறைக் கதவு எனக்குச் சாத்தியிருக்கும்.
தலையில் துண்டு கட்டிக்கொண்டு தட்டினால்
திறந்து
டார்ச்சை என் கையில் கொடுப்பார்.