ஆயிரத்து நூற்று நாற்பது

சல்மாபாத் கிடங்கில்
சனிக்கிழமை வந்து இறங்கியது
சாம்பல் கோட்டை, ஏழாம் பாகம்.
சவூதிக்கு நாற்பதாயிரம்.
குவைத்துக்கு ஒன்பதாயிரம்.
எங்களுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது.
"பஹ்ரைனுக்கு இது தாராளம்" என்று
துபாய் ஆபீஸ் எழுதியிருந்தது,
கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் போட்டு.

ஜெபல் அலியில் கப்பலிறங்கி
இரண்டு எல்லை தாண்டி லாரியில் வந்த பெட்டிகள்.
பாலத்துச் சுங்கத்தில் ஒன்றரை நாள் நின்றதில்
ஒட்டுநாடா இளகி
தொட்டால் விரலோடு வருகிறது.

என் வேலை எண்ணுவது.
டில்லிராமின் வேலை ஒட்டுவது:
ஐரோப்பாக்காரர் அச்சடித்த பதினாறின் மேல்
இங்கத்திய பதினெட்டு.
கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு.
நாலு விநாடியில் இரண்டு வயது ஏறிவிடும்.

ஆறாம் பாகத்தில் பட்டது இன்னும் ஆறவில்லை.
வியாழன் மாலை பாலம் நெடுக வண்டி விளக்குகள்.
கோபாரிலிருந்தும் தம்மாமிலிருந்தும்
விடுமுறைக்கு வந்தவர்கள்
அங்கே தீர்ந்ததை இங்கே வாங்கி
சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள்.
ஞாயிறு காலை
இந்தத் தீவில் ஒன்றுகூட இல்லை.
அறிக்கையில் மட்டும்
"பஹ்ரைனில் அமோக விற்பனை."
அந்த அமோகத்துக்காக
இந்த முறை கூட்டித் தந்தது நாற்பது.

அப்போது ஒரு பையன், ஜாசிம்,
கடை கடையாக விசாரித்துக் கிடங்குக்கே வந்துவிட்டான்.
பெட்டிக்குள் இருந்த இலவசக் குதிரையின் எண்
வேலை செய்யவில்லையாம்.
"உன் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது?"
"அமெரிக்காவில்."
"நீ?"
"முஹர்ரக்கில்."
கணக்கு தொடங்கிய அன்று
எங்கள் நாடு பட்டியலில் இல்லை,
மாமா மகன்தான் எந்த ஊர் பின்கோடையோ
போட்டுக் கொடுத்தான் என்றான்.

குதிரை ஐரோப்பிய லாயத்தில் நிற்கிறது,
சேணம் கட்டி, புல் தின்னாமல்.
இவன் அமெரிக்க வாசலில் நின்று கூப்பிடுகிறான்.
நான் என்ன சொல்வேன்?
என் பணம் தூத்துக்குடிக் கிளையில்,
என் பெயர் இந்த ஊர் அட்டையில்,
பாலத்தின் பாதியில் அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக்.
"ஷெரிஃப் சாரைக் கேள்" என்று அனுப்பினேன்.
அவர் அவனுக்கு
குதிரை பொம்மை தொங்கும் ஒரு சாவிவளையம் கொடுத்தார்.

இன்று புதன்.
நாளை இருட்டுவதற்குள் கடைகளுக்குப் பிரிக்க வேண்டும்.
வெள்ளிக்கு முன் ஒரு பெட்டி வெளியே போனாலும்
எட்டாம் பாகம் கிடையாது, இது துபாய்.
(எட்டாம் பாகத்துக்குப் பெட்டியே இருக்காது,
தட்டும் இருக்காது, எண் மட்டும்தான்
என்றும் ஒரு பேச்சு.
அப்போது நான் எதை எண்ணுவேன், தெரியவில்லை.)

நாலு மணி டீக்கு டில்லிராம் வந்தான்.
கண் இரண்டும் மிளகாய்.
"ஃபுளோரா மேடம், கடைசியில் பெயர்கள் ஓடுது.
இருபத்திரண்டு நிமிஷம்.
வரைஞ்சவங்க, குதிரைக்குக் கனைச்சவரு,
சமைச்சுப் போட்டவங்க,
வேலை நடந்தப்போ அவங்களுக்குப் பிறந்த
குழந்தைங்க பேருகூட.
துபாய்னு ஒரு வரி. மூணு பேரு.
அப்புறம் கறுப்பு."

"முழுசாவா பார்த்தே?"

"நம்மளது வருமோன்னு."

சொன்ன பிறகுதான்
அவனுக்கே உறைத்தது.
டீயில் ஆடை கட்டியது.

எழுந்து போய் எண்ணினேன்.
ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது.
கீழிருந்து மேலாகவும் எண்ணினேன்.
சேதம் என்ற கட்டத்தில்
ஒன்று போட்டேன்.
காரணத்துக்குத் துபாய் விட்டிருப்பது
ஒரு விரலகலம்.
"பாலத்து வெயில்" என்று எழுதினேன்.

பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன்:
"ஸ்டிக்கர்?"

"ஒட்டிட்டுத்தான் எடுத்தேன், மேடம்."